ரிசர்வ்

இரவு பதினொன்று இருபது.
நீடாமங்கலம் கேட் விழுந்து அரைமணி.
காத்திருந்த வரிசையை விட்டு விலகி
எங்கள் பங்க்குக்குள் உருண்டு வந்தது
ஒரு பழைய சிவப்பு வண்டி,
ஆமை முதுகு,
இன்ஜின் உறுமல் மட்டும் பின்னாலிருந்து.

குழாயைப் பிடித்துக்கொண்டு
இடப்பக்கம் போனேன். வலப்பக்கம் போனேன்.
பின்னால் குனிந்தேன்.
பெட்ரோல் மூடி எங்கேயும் இல்லை.

"முன்னாடி டிக்கிக்குள்ள இருக்கு," என்றார் இறங்கியவர்.
"அந்த டிக்கிதான் திறக்கல."

டாக்டர் நூருல் ஹிதாயா, கூத்தாநல்லூர்.
பல் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி.
ஞாயிற்றுக்கிழமை சாத்தியதாம். இன்றைக்கு வியாழன்.
எவ்வளவு இருக்கிறது என்று காட்ட
முள்ளும் கிடையாது இந்த வண்டிக்கு;
இருமி நின்றால்
காலடியில் ஒரு சின்ன நெம்பைத் திருப்ப வேண்டும்,
அடியில் கிடக்கும் நாலைந்து லிட்டர் இறங்கி வரும்.
அதையும் கொரடாச்சேரியிலேயே திருப்பியாயிற்று.

இரண்டு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்.
"வேற கார் எடுத்திருக்கலாமே டாக்டர்?"
"இதுலதான் வருவேன்னு சொல்லிட்டேன்."
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

இழுக்கிற குமிழ் கையோடு வந்துவிட்டது,
கம்பியோ வரப்பு நண்டு மாதிரி
குழாய்க்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.
இளஞ்சேரன் ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்து
மூடி இடுக்கில் வைத்தான்.
"பெயிண்ட்ல கீறல் விழுந்துச்சுன்னா
உன் முன்பல்லு ரெண்டும் எனக்கு."
அவன் அப்படியே பின்வாங்கினான்.

டாக்டர் சீட்டில் குப்புறப் படுத்து
தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்தார்.
செருப்பு கழன்று மழைத்தண்ணீரில் விழுந்தது.
"பைய எடு. உள்ள துணியில சுத்தின குறடு."
எடுத்துக் கொடுத்தேன்:
கடைவாய்ப் பல் பிடுங்குவது,
பளபளவென்று, கொக்கு மூக்கு வளைவு.

மூன்று நாளாக என் இடது கடைவாயில்
ஒரு கிராம்பு அடக்கி வைத்திருக்கிறேன்.
சொல்லவில்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன், வாயை மூடிக்கொண்டு.

"ஆட்டாத."
நூல் கனத்துக்கு வெளியே வந்தது கம்பி.
பிடித்தார். இழுத்தார்.
ஒன்றுமில்லை.
மறுபடி.
"முன்னாடி போ. மூடியை அமுக்கு."
"திறக்கணும்னீங்க..."
"அமுக்குடா."

மூணாறு தலைப்பில் மதகுப் பலகை இறுகினால்
லஸ்கர் முதலில் கீழ்நோக்கித்தான் திருகுவார்.
பார்த்திருக்கிறேன்.
என்றாலும் மனசு வரவில்லை,
வழவழப்பான சிவப்பின் மேல்
எண்ணெய்ப் பேன்ட்டோடு உட்கார.
உட்கார்ந்தேன்.

டொக்.

இடுப்புக்குக் கீழே ஏதோ நாக்கை விட்டது.
நான் எழுந்ததும்
அதுவும் என்னோடு இரண்டு விரல் எழுந்தது.

உள்ளே ஸ்டெப்னி டயர், மடக்காத குடை,
ஞாயிறன்று வாங்கிய ஒரு சீப்புப் பூவன்
கறுத்து, கசிந்து, தேனாகி.
பழ ஈக்கள் குபீரென்று
விளக்கைப் பார்த்துப் போயின.
டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"ஊரெல்லாம் தேடினேன் இத."

டேங்க்கின் வாயைத் திருகித் திறந்து
முப்பது லிட்டர் ஊற்றினேன்.
எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே
பெட்ரோல் நாறும் விரல்கள்
என் தாடையைப் பிடித்துத் திருப்பின.

"எத்தன நாளா?"
"எது?"
"மூஞ்சி ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி இருக்கு. திற."
திறந்தேன். இரண்டு விரல் அளவுதான் திறந்தது.
என் செல்போனையே உள்ளே காட்டிப் பார்த்தார்.
"கிராம்பத் துப்பு. சனிக்கிழமை பத்து மணி. சாப்பிட்டுட்டு வா."

மூடியைச் சாத்தினார். கேட் தூக்கிவிட்டார்கள்.
நெல் ஏற்றிய கூட்ஸின் கடைசிப் பெட்டி
ஈரத்தோடு போய்க்கொண்டிருந்தது.
சில்லறை கொடுக்க ஜன்னலில் குனிந்தபோதுதான் பார்த்தேன்:
குமிழ் இருந்த இடத்தில்
கம்பியைக் கவ்வியபடி
அந்தக் குறடே தொங்கியது, ரப்பர்பேண்ட் கட்டி.

திருச்சி போகட்டும், வரட்டும்.
சனிக்கிழமை பத்து மணி தாண்டும்வரை
அது அங்கேயே தொங்கட்டும்.